ட்ரெய்லர் இழுக்கும் வேனுக்கு எந்த டயர் போடலாம்?

கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்து பிராம்ப்டனில் புதிதாகக் குடியேறிய ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: 2021 மாடல் டொயோட்டா சியன்னாவைக் கைமாற்றாக வாங்கியிருக்கிறார். கோடையில் சின்ன கேம்பிங் ட்ரெய்லரை மாட்டிக்கொண்டு அல்கோன்குவின் பூங்காவுக்குப் போக ஆசை. டயர்களில் பட்டன் தேய்ந்துவிட்டது. எந்தக் கம்பெனி டயர் நல்லது?

கம்பெனியை அப்புறம் பார்க்கலாம், தம்பி. முதலில் டிரைவர் கதவைத் திறந்து, தூணில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் படியுங்கள். டயர் அளவு, வண்டி ஓடாமல் ஆறியிருக்கும்போது வைக்கவேண்டிய காற்று, ஆட்களும் சாமான்களும் சேர்ந்து எத்தனை கிலோ வரை ஏற்றலாம் என்பது எல்லாம் அதில் இருக்கும். கொக்கியின் மேல் ட்ரெய்லர் அழுத்தும் எடையும் அந்தக் கிலோவுக்குள் அடக்கம். இதைப் பலர் கணக்கில் சேர்ப்பதே இல்லை.

இங்கே ட்ரெய்லர் எடையில் 10 முதல் 15 சதவீதம் கொக்கியில் இறங்கவேண்டும் என்பது வழக்கம். ஆயிரம் கிலோ ட்ரெய்லர் என்றால் 120 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் கொக்கி பின் அச்சுக்கும் பின்னால், ஏறக்குறைய 1.2 மீட்டர் தள்ளி இருக்கிறது. இரண்டு அச்சுகளுக்கும் இடையே மூன்று மீட்டர். ஆகவே நெம்புகோல் கணக்கில் பின் அச்சு சுமப்பது 120 அல்ல, கிட்டத்தட்ட 170 கிலோ. முன் அச்சில் 50 கிலோ குறைந்துவிடும். இதற்கு மேல் மூன்றாவது வரிசையில் பிள்ளைகள், அவர்களுக்குப் பின்னால் ஐஸ் பெட்டி, அரிசி மூட்டை. அவ்வளவும் பின் டயர் இரண்டின் தலையில்தான்.

எனவே டயரின் பக்கவாட்டில் பார்க்கவேண்டியது லோடு இண்டெக்ஸ், அதாவது டயர் தாங்கும் சுமையைச் சொல்லும் எண். 235/65ஆர்17 104எச் என்றிருந்தால், 104 என்பது ஒரு டயருக்கு 900 கிலோ. எச் என்பது மணிக்கு 210 கி.மீ. வேகம். இதே அளவில் 108 எக்ஸ்எல் (எக்ஸ்ட்ரா லோடு, கூடுதல் சுமை தாங்கும் வகை) என்று கிடைக்கும். அது 1,000 கிலோ. ஸ்டிக்கர் கேட்பதற்குக் குறைந்த எண்ணை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் தொடாதீர்கள். ட்ரெய்லர் இழுப்பவருக்கு என் ஓட்டு எக்ஸ்எல்லுக்குத்தான். பக்கவாட்டு விறைப்பாக இருப்பதால், பக்கத்தில் லாரி கடக்கும்போது வண்டியின் பின்பகுதி குறைவாக அலையும். ஆனால் அந்தக் கூடுதல் சுமைத்திறன் கூடுதல் காற்று வைத்தால்தான் கிடைக்கும். வண்டியின் 3,500 பவுண்டு இழுவை வரம்பையும் எந்த டயரும் உயர்த்தாது.

எல்டி (லைட் டிரக், சிறு லாரிகளுக்கான) டயர் போடச் சொல்லி யாராவது யோசனை தருவார்கள். மினிவேனுக்கு அது தேவையில்லை: அதே சுமைக்கு அதிகக் காற்று கேட்கும், பயணமும் முரடாகிவிடும். ஃபோர்டு டிரான்சிட் போன்ற சரக்கு வேன் வைத்திருப்பவர்கள் கதை நேர் எதிர். அதில் 235/65ஆர்16சி, 121/119 என்று இருக்கும். 121 என்பது ஒற்றைச் சக்கரமாக ஓடும்போது, 1,450 கிலோ தாங்கும்; 119 இரட்டைச் சக்கரத்துக்கு. அங்கே கார் டயரை மாட்டுவது விஷப்பரீட்சை.

பழைய டயர்க் கடைக்குப் போனால் பட்டனை மட்டும் பார்த்து மயங்கவேண்டாம். டயரின் பக்கவாட்டில் டாட் (DOT) என்ற எழுத்துகளுக்குப் பின் வரும் கடைசி நான்கு இலக்கங்களைப் பாருங்கள். 2317 என்றால் 2017ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்தது. அந்த வயதில் சுமை இழுக்கக் கூடாது என்பது என் கட்சி. ட்ரெய்லரின் டயர்களுக்கும் இதே சோதனை வேண்டும். அவை தேய்வதற்கு முன்பே வெயிலில் வெடிப்பு விழுந்துவிடும். எஸ்டி (ஸ்பெஷல் ட்ரெய்லர், ட்ரெய்லருக்கென்றே செய்தது) என்று குறித்த அந்த டயர்களில் வேகக்குறியீடு இல்லையென்றால் 105 கி.மீ.தான் உச்சம். ஒன்டாரியோவில் சில நெடுஞ்சாலைப் பகுதிகளில் 110 அனுமதி உண்டு என்பது உங்களுக்குப் பொருந்தாது.

இரண்டு டயர்தான் வாங்கமுடியும் என்றால் புதியவை பின்னால். ஆல் வீல் டிரைவ் வண்டியென்றால் நான்கையும் சேர்த்தே மாற்றுங்கள். குளிர்காலத்துக்குத் தனி செட் வேண்டும். டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை, பக்கத்து மாகாணமான கியூபெக்கில் பதிவான வண்டிகளுக்கு அது சட்டமே.

காற்றைக் காலையில் வீட்டு வாசலிலேயே அளந்துவிடுங்கள். பெட்ரோல் பங்க் வரை ஓட்டிப்போய் அளந்தால் சூட்டில் இரண்டு மூன்று பிஎஸ்ஐ கூடுதலாகக் காட்டும். அதைப் பார்த்துக் காற்றை இறக்கிவிட்டுச் சுமையுடன் கிளம்புகிறவர்கள் உண்டு. டயர் மாட்டி 100 கி.மீ. ஓடியதும், ட்ரெய்லரைக் கோர்ப்பதற்கு முன்பே, கடைக்குத் திரும்பிப்போய் சக்கர நட்டுகளை டார்க் ரெஞ்சால் (சரியான இறுக்கத்தை அளந்து முடுக்கும் கருவி) ஒருமுறை சரிபார்க்கச் சொல்லுங்கள். பெரும்பாலான கடைகளில் இதற்குக் காசு வாங்குவதில்லை.