செயின்சாவுக்கு பெட்ரோலில் 2டி ஆயில் (2 ஸ்ட்ரோக் இன்ஜின் ஆயில்) எவ்வளவு கலப்பது? 25-ஆ, 40-ஆ, 50-ஆ?

பேராவூரணி தோப்பு:

எல்லோருக்கும் வணக்கம். எங்களுக்குப் பேராவூரணிப் பக்கம் 6 ஏக்கர் தென்னந்தோப்பு. 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது தோப்பில் பாதிக்கு மேல் சாய்ந்துவிட்டது, அறுக்க ஆள் கிடைக்காமல் நாள் கணக்கில் காத்திருந்து பார்த்துவிட்டு கடைசியில் சொந்தமாக ஒரு 58 சிசி செயின்சா, அதாவது மரம் அறுக்கும் மெஷின், வாங்கினோம். விலை குறைவான மெஷின்தான், ஆனால் இத்தனை வருடம் நன்றாகவே ஓடியது. போன வாரம் ஒரு பட்ட மரத்தை அறுத்துக்கொண்டிருக்கும்போது சத்தம் மாறி, இரண்டு நிமிடத்தில் நின்றுவிட்டது. இப்போது கயிறு இழுத்தால் அசையவே இல்லை. பிஸ்டன் பிடித்துக்கொண்டது என்று சொல்கிறார்கள்.

அவசரத்துக்கு வேறு ஒரு புது மெஷின் எடுத்திருக்கிறேன். அதன் புத்தகத்தில் 50:1, அதாவது 50 பங்கு பெட்ரோலுக்கு 1 பங்கு ஆயில் என்று இருக்கிறது. பழைய மெஷினின் டேங்க் மூடியிலேயே 25:1 என்று அச்சடித்திருந்தது. கடைக்காரர் "புத்தகத்தைப் பார்க்காதீர்கள், லிட்டருக்கு 40 மில்லி ஊற்றுங்கள், ஆயில் அதிகமானால் மெஷின் கெடாது" என்கிறார். எங்கள் ஊர் மெக்கானிக் 30 மில்லி போதும் என்கிறார். மரம் அறுக்க வரும் அண்ணன் அளவே பார்ப்பதில்லை, நிறத்தைப் பார்த்து ஊற்றுகிறார், முப்பது வருடப் பழக்கம் என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது? பழைய மெஷின் போனதற்கும் இந்தக் கலவைதான் காரணமா? ஒரு மெஷினை இழந்தாகிவிட்டது, இன்னொன்றையும் இழக்க வசதி இல்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஆனைமலை பட்டறை:

தம்பி, நான் பொள்ளாச்சிப் பக்கம் பட்டறை வைத்திருக்கிறேன். வேர் வாடல் வந்த மரங்களை வெட்ட ஆரம்பித்ததிலிருந்து வாரத்துக்கு நாலைந்து செயின்சாவாவது என் மேசைக்கு வருகிறது. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் கணக்கைச் சரியாகப் பிடித்துக்கொள்ளுங்கள், இதில்தான் பாதிப் பேர் குழம்புகிறார்கள். 50:1 என்றால் ஒரு லிட்டருக்கு 20 மில்லி. 40:1 என்றால் 25 மில்லி. 33:1 என்றால் 30 மில்லி. 25:1 என்றால் 40 மில்லி. "40 ஊற்று" என்று ஒருவர் சொன்னால் அது 40 மில்லியா 40-க்கு 1-ஆ என்று கேட்காமல் ஊற்றாதீர்கள், இரண்டுக்கும் நடுவே லிட்டருக்கு 15 மில்லி வித்தியாசம்.

அப்புறம், ஒவ்வொரு மெஷினிலும் ஏன் ஒவ்வொரு எண் போட்டிருக்கிறது? எண் மெஷினை மட்டும் பொறுத்ததில்லை, எந்த ஆயிலை ஊற்றுகிறோம் என்பதையும் பொறுத்தது. ஸ்டில் கம்பெனியின் பழைய கையேடுகளை எடுத்துப் பாருங்கள், அவர்களுடைய ஆயில் என்றால் 1:50, வேறு டிசி தர (2 ஸ்ட்ரோக் ஆயிலின் ஒரு தரம்) ஆயில் என்றால் 1:25 என்று ஒரே மெஷினுக்கு இரண்டு கணக்கு இருக்கும். ஹஸ்க்வர்னாவிலும் அவர்கள் ஆயிலுக்கு 1:50, மற்ற ஆயிலுக்கு 1:33. விலை குறைந்த மெஷின்களில் 25:1 என்று போடுவதற்குக் காரணம், வாங்குகிறவர் எந்த ஆயிலை ஊற்றுவார் என்று அவர்களுக்குத் தெரியாது, அதனால் மோசமான ஆயிலுக்கும் தாங்குகிற மாதிரி ஒரு எண்ணைப் போட்டுவிடுகிறார்கள்.

ஆகவே டப்பாவைத் திருப்பிப் பாருங்கள். ஜாசோ என்ற ஜப்பான் தர முத்திரையில் எஃப்பி, எஃப்சி, எஃப்டி என்ற மூன்றில் ஒன்று போட்டிருக்கும். இதில் எஃப்டி மேல், கரி குறைவாகப் பிடிக்கும், உள்ளே சுத்தமாக இருக்கும். எஃப்டி ஆயிலும் புத்தகத்தில் 50:1-ம் என்றால் தாராளமாக 20 மில்லி போடலாம், பயம் வேண்டாம். நானே தென்னை மாதிரி கடினமான வேலைக்கு 25 மில்லி போடச் சொல்வேன், அது என் பழக்கம், தப்பில்லை. எஃப்பி தரம் மட்டும்தான் கிடைத்தது என்றால் 30 மில்லிக்குக் குறையக் கூடாது. டிசி-டபிள்யூ3 என்று போட்ட ஆயிலை மட்டும் வாங்காதீர்கள், அது தண்ணீரால் குளிரும் படகு இன்ஜினுக்கு உண்டானது. காற்றில் குளிரும் நம் மெஷினின் சூட்டுக்கு அது ஆகாது. உங்கள் கடற்கரைப் பக்கக் கடைகளில் அது சுலபமாகக் கைக்கு வரும், கவனம்.

"ஆயில் அதிகமானால் கெடாது" என்பதும் முழு உண்மை இல்லை. அதிகமானால் பிளக் கருத்து ஈரமாகிவிடும், சைலன்சர் வாயில் இருக்கும் வலையில் கரி அடைத்து மெஷின் மூச்சு முட்டும், ரிங் தன் பள்ளத்திலேயே ஒட்டிக்கொள்ளும். இன்னொன்று பலருக்குத் தெரியாது. ஆயில் கூடினால் அதே அளவு கலவையில் பெட்ரோல் குறைகிறது இல்லையா, கார்புரேட்டர் வழியாகக் காற்றுக்குக் கிடைக்கும் பெட்ரோலும் கொஞ்சம் குறையும். அளவை மாற்றினால் எச் ஸ்க்ரூவை (முழு வேகத்தில் போகும் பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கும் திருகு) ஒருமுறை சரிபார்க்க வேண்டும். அதனால் இன்று 20, நாளை 40 என்று மாற்றி மாற்றி ஊற்றுவதைவிட ஒரே ஆயில், ஒரே அளவு என்று பிடித்துக்கொள்வது நல்லது.

நிறம் பார்த்து ஊற்றும் அண்ணனைப் பற்றி: அவர் கை மொபெட் காலத்துக் கை. பங்கில் பெட்ரோலோடு ஆயில் அடித்துக் கொடுப்பார்களே, அந்தப் பழக்கம். மொபெட் இன்ஜின் இப்படிச் சுற்றாது. செயின்சா முழு ஆக்சிலேட்டரில் நிமிடத்துக்கு 12,000 சுற்றுக்கு மேல் போகும். அதற்குள் தனியாக இன்ஜின் ஆயில் எங்கேயும் கிடையாது, பெட்ரோலோடு உள்ளே போகும் அந்த 20 மில்லிதான் பேரிங்குக்கும் பிஸ்டனுக்கும் எல்லாம். ஒரு கம்பெனி ஆயில் பச்சை, இன்னொன்று நீலம், இன்னொன்று சிவப்பு. நிறத்தை வைத்து அளவு எப்படித் தெரியும்? மருந்துக் கடையில் 20 மில்லி சிரிஞ்ச் ஒன்று வாங்கி ஊசியைக் கழற்றிவிட்டு அதையே அளவாக வைத்துக்கொள்ளுங்கள்.

பழைய மெஷின் ஏன் போனது என்பதை இங்கிருந்து ஊகித்துச் சொல்ல மாட்டேன். சைலன்சரில் இரண்டு போல்ட்தான் இருக்கும், கழற்றிவிட்டு அந்த ஓட்டை வழியாக டார்ச் அடித்து பிஸ்டனைப் பாருங்கள். சைலன்சர் பக்கம் மட்டும் கோடு விழுந்திருந்தால் பெரும்பாலும் காற்று அதிகம், பெட்ரோல் குறைவு, அந்தச் சூடு. கார்புரேட்டர் பக்கம் மட்டும் கோடு என்றால் ஏர் ஃபில்டர் வழியாக மண், மரத்தூள் உள்ளே போயிருக்கிறது. சுற்றிலும் கோடு என்றால் ஆயிலே போகவில்லை. பார்த்துவிட்டு எழுதுங்கள்.

கோத்தகிரி சில்வர் ஓக்:

பட்டறை அண்ணன் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். நாங்கள் டீத் தோட்டங்களில் நிழல் மரம் கவாத்து செய்கிறவர்கள், மூன்று மெஷின் ஓடுகிறது. 50:1 தான், எஃப்டி ஆயில், இதுவரை ஆயில் குறைவால் ஒரு மெஷினும் போனதில்லை. ஆனால் பெட்ரோலால் போயிருக்கிறது.

இப்போது பங்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. எத்தனால் காற்றில் இருக்கும் ஈரத்தை இழுக்கும். இங்கே ஜூன் முதல் மழையும் மூடுபனியும்தான், பாதி காலியான கேனை ஒரு மாதம் ஷெட்டில் வைத்துவிட்டோம். மெஷின் ஸ்டார்ட் ஆகி ஆகி நின்றது. சந்தேகப்பட்டு அந்தக் கலவையை ஒரு கண்ணாடி ஊறுகாய் ஜாடியில் ஊற்றி வைத்துப் பார்த்தேன். பத்து நிமிடத்தில் அடியில் இரண்டு விரல் உயரத்துக்கு வேறு ஒரு படலம் தனியாக நின்றது, ஆயிலின் பச்சை நிறம் முழுக்க மேலேயே இருந்தது, கீழே வெளுத்த தண்ணீர் மாதிரி. டேங்கில் ஃபில்டர் எங்கே கிடக்கும்? அடியில்தான். அப்படியென்றால் மெஷின் குடித்தது தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்ததை, ஆயில் இல்லாமல். நீங்கள் 20 மில்லி ஊற்றினாலும் 40 ஊற்றினாலும் அந்த இடத்தில் ஒரு பயனும் இல்லை.

அன்றிலிருந்து இரண்டு நாள் வேலைக்கு எவ்வளவோ அவ்வளவுதான் கலக்கிறோம். பங்கிலிருந்து புது பெட்ரோல், பாதி ஊற்றி, ஆயில் ஊற்றி, குலுக்கி, மீதியை ஊற்றி மறுபடி குலுக்குவது. கேனை நிரம்ப வைத்தால் ஈரம் போக இடம் குறைவு. வேலை முடிந்து ஒரு வாரத்துக்கு மேல் மெஷின் சும்மா இருக்கப் போகிறது என்றால் டேங்கைக் காலி செய்து, அது தானாக நிற்கும்வரை ஓடவிட்டு வைப்போம், கார்புரேட்டருக்குள் இருக்கும் ரப்பர் சவ்வு விறைத்துப்போகாமல் இருக்கும். உங்கள் மெஷின் புத்தகத்தில் எத்தனால் எத்தனை சதவீதம் வரை என்று போட்டிருக்கும், அதையும் பாருங்கள், 10 வரைதான் என்று போட்ட மெஷின்கள் நிறைய.

ஒரு விஷயம் கேட்கலாமா? தென்னை அறுக்கும்போது தூள் எப்படி வருகிறது? மாவு மாதிரி வந்தால் செயின் மழுங்கிவிட்டது, சிராய் சிராயாக வர வேண்டும். மழுங்கிய செயினை அழுத்தி அழுத்தி அறுத்தால் நல்ல கலவையிலும் இன்ஜின் சூடாகும்.

பேராவூரணி தோப்பு:

அண்ணன்மார் இருவருக்கும் நன்றி. நேற்று மாலை சைலன்சரைக் கழற்றிப் பார்த்தேன். பிஸ்டனில் நான் பார்த்த இடமெல்லாம் மேலிருந்து கீழே கோடு கோடாக இருக்கிறது. பிளக் ஓட்டையில் கொஞ்சம் ஆயில் விட்டு ஒரு இரவு வைத்து, காலையில் மெதுவாக இழுத்துப் பார்த்ததில் பிஸ்டன் கொஞ்சம் இறங்கியது, கார்புரேட்டரையும் கழற்றி அந்தப் பக்கமும் பார்த்துவிட்டேன், அங்கேயும் கோடுதான். சுற்றிலும்.

எங்களிடம் களை வெட்டும் மெஷின் ஒன்று இருக்கிறது, அது 4 ஸ்ட்ரோக், அதற்கு வெறும் பெட்ரோல். அதன் கேனும் செயின்சா கேனும் ஒரே மாதிரி வெள்ளை 5 லிட்டர் கேன், பம்ப் ரூமில் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். அன்று அறுத்த அண்ணனைக் கூப்பிட்டுக் கேட்டேன். முதலில் இல்லை என்றார், பிறகு யோசித்துவிட்டு "அன்னைக்கு வாடையே வித்தியாசமா இருந்துச்சு, புகையும் இல்ல, நல்ல ஆயில் போல நெனச்சேன்" என்றார். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை, இரண்டு கேனையும் ஒன்றாக வைத்தது நான்தான். மெஷினின் டேங்கில் மீதி இருந்ததை ஒரு வெள்ளைத் தாளில் நாலு சொட்டு விட்டுப் பார்த்தேன், காய்ந்த பிறகு ஒரு கறையும் இல்லை. புதிதாகக் கலந்ததில் நாலு சொட்டு விட்டால் எண்ணெய்க் கறை அப்படியே நிற்கிறது.

தூள் பற்றிக் கேட்டீர்கள். மாவுதான். அதையும் பார்க்க வேண்டும்.

இப்போது ஒரே கேள்வி. இந்த மெஷினைச் சரி செய்யலாமா, இல்லை இரும்புக் கடைக்குத்தானா? சிலிண்டரோடு மாற்றச் சொல்கிறார்கள்.

ஆனைமலை பட்டறை:

தம்பி, அந்தத் தாள் சோதனை நல்ல சோதனை, இனி ஒவ்வொரு முறை டேங்க் நிரப்பும் முன்னும் செய்யச் சொல்லுங்கள், காய ஐந்து நிமிடம்தான் ஆகும். கேன் விஷயத்தில் செயின்சாவுக்குச் சிவப்புக் கேன் வாங்கி, மூடியில் ஒரு துண்டு செயினைக் கட்டித் தொங்க விடுங்கள். எழுதி ஒட்டினால் பெட்ரோல் பட்டு அழிந்துவிடும், செயின் அழியாது. என் பட்டறையில் அப்படித்தான்.

சிலிண்டரை அவசரப்பட்டு மாற்றாதீர்கள். இப்படிப் பிடித்துக்கொள்ளும்போது பெரும்பாலும் தேய்வது பிஸ்டன், அதன் அலுமினியம் உருகி சிலிண்டர் சுவரில் ஒட்டிக்கொள்ளும், பார்த்தால் சிலிண்டரும் போன மாதிரி தெரியும். நல்ல மெக்கானிக்காக இருந்தால் அந்த அலுமினியத்தை மட்டும் அமிலம் தொட்டு எடுத்துவிட்டு, நைஸ் எமரியில் லேசாகத் தேய்ப்பார். இதை வீட்டில் செய்து பார்க்காதீர்கள், அமிலம் உள்பூச்சு இல்லாத இடத்தில் பட்டால் சிலிண்டரையே தின்றுவிடும். சுத்தம் செய்த பிறகு உள்ளே விரல் நகத்தை வைத்துக் குறுக்கே இழுத்துப் பாருங்கள். நகம் வழுக்கிக்கொண்டு போனால் பிஸ்டனும் ரிங்கும் மட்டும் மாற்றினால் போதும். நகம் எங்காவது மாட்டினால் பூச்சு உரிந்துவிட்டது, அப்போதுதான் சிலிண்டர் செட். 58 சிசி மெஷினுக்கு உதிரி எங்கும் கிடைக்கும்.

பிஸ்டனை எடுத்ததும் கிராங்க் பேரிங்கைக் கையால் சுற்றிப் பாருங்கள். ஆயில் இல்லாமல் அதுவும் ஓடியிருக்கிறது. கரகரவென்று இருந்தால் அதையும் சேர்த்து மாற்றாமல் மூடாதீர்கள். புது பிஸ்டன் போட்டதும் முதல் மூன்று டேங்க் வரை, மரத்தில் வைக்காமல் வெறுமனே முழு ஆக்சிலேட்டர் கொடுக்க வேண்டாம். இந்தப் பழைய மெஷினுக்கு 40:1 போடுங்கள், லிட்டருக்கு 25 மில்லி, எஃப்டி ஆயில். புதியதற்கும் அதையே போட்டால் இரண்டுக்கும் ஒரே கேன் போதும்.

கோத்தகிரி சில்வர் ஓக்:

செயினுக்கு: தென்னையின் வெளிப்பக்கம் கடினம், உள்ளே மணல் போல ஒரு தன்மை, பல் சீக்கிரம் தேயும். எங்கள் சில்வர் ஓக்கில் ஒரு டேங்க் முடிந்ததும் ஒருமுறை அரம் போடுவோம், தென்னைக்கு டேங்க் முடியும்வரை காத்திருக்க வேண்டாம், மாவு வர ஆரம்பித்ததுமே நிறுத்தி அரம் போடுங்கள். பாருக்கு (செயின் சுற்றி ஓடும் நீளத் தகடு) பழைய இன்ஜின் ஆயில் ஊற்றுகிறீர்கள் என்றால் அதையும் விட்டுவிடுங்கள், அதில் இருக்கும் இரும்புத் தூள் பார் பள்ளத்தையும் ஆயில் பம்பையும் சேர்த்துத் தேய்க்கும்.

பேராவூரணி தோப்பு:

சிவப்புக் கேன் வாங்கிவிட்டேன், அறுந்த செயினிலிருந்து நாலு பல் வெட்டி மூடியில் கட்டியாகிவிட்டது. மெஷினை நாளை பட்டுக்கோட்டைக்கு எடுத்துப் போகிறேன். நகம் மாட்டுகிறதா என்று பார்த்துவிட்டு வந்து எழுதுகிறேன்.