புதுப்பிப்பு: வாஷிங்டன் அஞ்சலி ஜக், ஒரு திருத்தம்

இங்கிலாந்தின் லிவர்பூல் நகரப் பீங்கான் ஜக் பற்றிய என் முந்தைய பதிவில், அதிலுள்ள அமெரிக்காவின் முதல் குடியரசுத் தலைவர் ஜார்ஜ் வாஷிங்டனின் படம் கையால் வரைந்தது என்று எழுதியிருந்தேன். அது தவறு. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். நிழல் விழும் இடமெல்லாம் மெல்லிய கோடுகள், குறுக்கே இன்னும் கோடுகள். தூரிகை வேலையே இல்லை. செப்புத் தகட்டில் செதுக்கி, மையைத் தாளில் எடுத்து, பாலாடை நிறப் பரப்பில் ஒற்றியிருக்கிறார்கள். ஒரே தகட்டில் எத்தனையோ ஜக்குகள்! துக்கம் வீடு வீடாகப் போனது அப்படித்தான்.

காட்சி மட்டும் மனதை விட்டுப் போகவில்லை. கல்லறையிலிருந்து வாஷிங்டன் மேலே எழுகிறார், கீழே சுதந்திர தேவியும் ஒரு பூர்வகுடி மனிதரும் தலைகுனிந்து அமர்ந்திருக்கிறார்கள். பாரலெட் என்ற ஓவியரின் அச்சுப்படம்தான் மூலம்.

வாஷிங்டன் இறந்தது 1799 டிசம்பர் 14. பிரிட்டனோடு நடந்த அமெரிக்க விடுதலைப் போர் முடிந்து உடன்படிக்கை கையெழுத்தானது 1783இல். அதே பிரிட்டனின் குயவர்கள் அமெரிக்கச் சந்தைக்காக இந்த அஞ்சலியைச் செய்தார்கள் என்பதை இன்னும் வியப்போடுதான் பார்க்கிறேன்.

அப்புறம், பிரிட்டிஷ் கடற்படைத் தளபதி நெல்சனுக்கும் இப்படி அஞ்சலி ஜக்குகள் வந்தனவா என்று கேட்டிருந்தீர்கள். ஆமாம், 1805இல் டிரஃபால்கர் கடற்போரில் அவர் இறந்ததும் அவருக்கும் இதே மாதிரி ஜக்குகள் வந்தன. பழைய பதிவையும் திருத்திவிட்டேன்.