காற்றிலேயே மைக்ரோவேவ் மார்பகப் படம்: தோல்தான் தெரியுது, கட்டி தெரியல

பாளை_இசிஇ_மாணவி:

எல்லாருக்கும் வணக்கம். கடைசி வருஷ புராஜெக்ட். ஆன்டெனா உடம்புல படாம, திரவமும் இல்லாம, காத்துல வச்சே மைக்ரோவேவால மார்பகக் கட்டியைக் கண்டுபிடிக்கிற அமைப்பு. ஆள் கிடையாது, ஃபேன்டம் (மார்பகத்துக்குப் பதிலா வைக்கிற மாதிரி) மட்டும்.

கையில இருக்கிறது லைட்வி.என்.ஏ. 64 (மைக்ரோவேவை அனுப்பி, திரும்பி வர்றதை அளக்கிற சின்ன வி.என்.ஏ. கருவி), எஃப்.ஆர்.4 சர்க்யூட் போர்டுல அடிச்ச விவால்டி (அகலமான அலைவரிசைக்கான தட்டை) ஆன்டெனா ஒண்ணு. 2 முதல் 6 கிகாஹெர்ட்ஸ் வரை 201 புள்ளியில எஸ்11 (அனுப்பினதுல எவ்வளவு அதே ஆன்டெனாவுக்குத் திரும்புதுங்கிற அளவு) எடுக்கிறோம். ஸ்டெப்பர் மோட்டார்ல மாட்டின கை ஆன்டெனாவை ஃபேன்டத்தைச் சுத்திக் கொண்டுபோகுது. 5 டிகிரிக்கு ஒரு அளவு, மொத்தம் 72. ஃபேன்டம் 12 செ.மீ. விட்டமுள்ள பிளாஸ்டிக் கிண்ணம். உள்சுவர்ல 2 மி.மீ. கடற்பாசி ஜெல் தோலுக்குப் பதிலா, உள்ள சூரியகாந்தி எண்ணெய் கொழுப்புக்குப் பதிலா, நடுவுல 12 மி.மீ. ஜெல் உருண்டை கட்டிக்குப் பதிலா. ஆன்டெனாவுக்கும் கிண்ணத்துக்கும் இடைவெளி 3 செ.மீ.

டிலே அண்ட் சம் (எதிரொலிகளைத் தாமதத்துக்கு ஏத்தாப்ல நகத்திக் கூட்டிப் படமாக்குற முறை) போட்டா ஓரத்துல வளையமும் நடுவுல ஒரு பொட்டும் வருது. உருண்டையை எடுத்துட்டு அளந்தாலும் அந்தப் பொட்டு போகல. எதைச் சரிபண்ணணும்?

பொருநை_ஆர்.எஃப்.:

தங்கச்சி, முதல்ல கணக்கைப் பாத்துக்கிடுங்க. 3 கிகாஹெர்ட்ஸ் பக்கம் தோலோட பெர்மிட்டிவிட்டி (ஒரு பொருள் அலையை எவ்வளவு மெதுவாக்கும்னு சொல்ற எண், காத்துக்கு 1) 36லருந்து 38. காத்துலருந்து வர்ற அலை அதுல பட்டதுமே சக்தியில பாதி திரும்பிரும். மிச்சம் உள்ள போயி, கட்டியில பட்டு, திரும்பத் தோலைத் தாண்டி வெளிய வரணும். அப்படி வந்து சேர்றது தோல் எதிரொலியை விட 40 டெசிபலுக்கும் கீழ கிடக்கும். திரவத்துல முக்கி அளக்கிறவங்களுக்கு இந்த முதல் எதிரொலி இவ்வளவு பெருசா இருக்காது.

அப்பம் தோலைக் கழிச்சாகணும். தூரம் பிசகாம இருந்தாத்தான் கழிவு சுத்தமா விழும். 6 கிகாஹெர்ட்ஸ்ல அலைநீளம் 50 மி.மீ. ஆன்டெனா 1 மி.மீ. விலகினா போக வர 2 மி.மீ., ஃபேஸ்ல (அலை தன் சுழற்சியில நிக்கிற நிலையில) 14 டிகிரி. அந்தப் பிசகோட கழிச்சா தோல் வெறும் 12 டெசிபல்தான் அமுங்கும். 0.1 மி.மீ. பிசகுன்னா 32 டெசிபல். நீங்க தேடுறது அதுக்கும் கீழ இருக்கு. கிண்ணத்தோட மையமும் சுழற்சி மையமும் ஒண்ணா இருக்கான்னு டயல் கேஜ் வச்சுப் பாருங்க, கண்ணளவு போதாது.

ஆன்டெனா சுத்தினா கேபிள் வளையும், வளைஞ்சா ஃபேஸ் மாறும். ஆன்டெனாவைக் கட்டிப்போட்டுட்டு கிண்ணத்தைச் சுத்துங்க. ஆளை வச்சுச் செய்யும்போது அது நடக்காது. இத்தாலிக்காரங்க மாமோவேவ் கருவியில காத்துலேயே ரெண்டு ஆன்டெனா, 1 முதல் 9 கிகாஹெர்ட்ஸ் வரை, மார்பைச் சுத்தி வர்றாப்லதான் அமைச்சிருக்காங்க. லேப்ல உங்களுக்கு அந்தச் சிரமம் எதுக்கு? வி.என்.ஏ.வை அரை மணி நேரம் சூடேற விட்டு, அதுக்கப்புறம் காலிபரேட் பண்ணுங்க.

நடுப்பொட்டுக்கு வருவோம். 72 கோணத்திலயும் ஒரே தாமதத்தோட வர்ற எதிரொலி எதுவானாலும் வளையமா விழும்; அந்தத் தாமதம் மையத்தோட தாமதத்துக்குச் சரியா இருந்தா எல்லாம் ஒரே பொட்டாக் குவிஞ்சிரும். ஆன்டெனாவுக்குள்ளேயே அலையுற ரிங்கிங் இப்படித்தான் வேலையைக் காட்டும். 72 அளவோட சராசரியை ஒவ்வொண்ணுலருந்தும் கழிச்சா அது போயிரும். ஆனா நட்ட நடுவுல இருக்கிற கட்டியும் சேந்தே போயிரும், ஏன்னா அதுவும் எல்லாக் கோணத்துக்கும் ஒரே தூரம். உருண்டையை 2.5 செ.மீ. தள்ளி வைங்க.

இன்னொரு பொய்ப்பொட்டும் உண்டு. அலை தோலுக்கும் ஆன்டெனாவுக்கும் நடுவுல ரெண்டாந்தரம் போய்வரும். 3 செ.மீ. இடைவெளிக்குக் கூடுதல் ஓட்டம் 6 செ.மீ., அதாவது 0.2 நானோசெகண்ட். எண்ணெயோட பெர்மிட்டிவிட்டி 2.6னு வச்சா, படத்துல தோலுக்கு உள்ள 1.9 செ.மீ. ஆழத்துல கட்டி மாதிரியே உக்காரும். இடைவெளியை 4 செ.மீ. ஆக்கி மறுபடி அளங்க. ஆழம் 2.5 செ.மீ. ஆனா அது பொய். நிஜக் கட்டி தோலுலருந்து அதே ஆழத்துல நிக்கும்.

அம்பை_ஃபேன்டம்:

கடற்பாசி எடுத்தது நல்லது. ஜெலட்டின்னா ஃபார்மலின் சேக்காம நம்மூர் சித்திரை வெயில்ல, ஏ.சி. இல்லாத லேப்ல நிக்காது. மத்தியானத்துக்குள்ள தோல் வழிஞ்சு அடியில தேங்கிரும்.

100 மி.லி. தண்ணிக்கு 3 கிராம் கடற்பாசித் தூள். நல்லாக் கொதிச்சுத் தூள் முழுசும் கரையணும். நுரையை வழிச்சு எடுத்துட்டு 50–55 டிகிரிக்கு ஆறினதும் ஊத்துங்க. அதை விடச் சூடா ஊத்தினா கிண்ணம் நெளியும். 40க்கு இறங்கிட்டா அச்சு நிறையறதுக்குள்ள திப்பி திப்பியா உறையும். தோல் அடுக்குல காத்துக்குமிழ் தங்கினா அதை வெட்டிட்டுப் புதுசா ஊத்தணும். குமிழும் ஒரு எதிரொலிதான்.

தண்ணியும் கடற்பாசியும் மட்டும்னா பெர்மிட்டிவிட்டி 70க்கு மேல போகும். நிஜக் கட்டி 50–55. கொழுப்பு சுமார் 5, எண்ணெய் அதுக்கும் கீழ. ஆக உங்க ஃபேன்டத்துல கட்டி நிஜத்தை விட எடுப்பாத் தெரியும், ரிப்போர்ட்ல அதைச் சொல்லிருங்க. கிளிசரினைக் கொஞ்சம் கொஞ்சமாச் சேத்து இறக்கலாம். ஒவ்வொரு தடவையும் ஆர்.ஜி.402 கேபிள் முனையைச் சமமாத் தேய்ச்சு, அதையே புரோபா வச்சு அளங்க. காத்து, ஷார்ட் (முனையை உலோகத்தால இணைச்ச நிலை), காய்ச்சி வடிச்ச தண்ணி, இந்த மூணுலயும் காலிபரேட் பண்ணணும். தண்ணியோட வெப்பநிலையைக் குறிச்சுக்கிடுங்க.

ஜெல் காய்ஞ்சுக்கிட்டே இருக்கும். அளக்கும் முன்னும் பின்னும் தராசுல வைங்க. எடை இறங்கியிருந்தா முதல் அளவும் கடைசி அளவும் ஒரே ஃபேன்டத்தோடது இல்ல.

சந்தேகமா இருந்தா ஆன்டெனாவையும் எண்ணெயில முக்கி ஒரு தடவை அளந்து பாருங்களேன்.

பொருநை_ஆர்.எஃப்.:

அண்ணாச்சி, அதுல எனக்கு உடன்பாடு இல்ல. காத்துக்குன்னு வடிவமைச்ச விவால்டியை எண்ணெயில முக்கினா மேட்சிங் (அலை கேபிளுக்கே திரும்பாம வெளிய போற பொருத்தம்) மாறும், ரெண்டு படத்தையும் ஒப்பிட முடியாது. உருண்டையோட ஒரு தடவை, இல்லாம ஒரு தடவை அளந்து கழிக்கட்டும். அதுல தெரியலன்னா எந்த அல்காரிதமும் உதவாது. இன்னொண்ணு: 4 கிகாஹெர்ட்ஸ் பேண்ட்வித்துக்குக் கொழுப்புல பிரிதிறன் 17 மி.மீ. 12 மி.மீ. உருண்டை இருக்குன்னு தெரியும், அதோட வடிவம் தெரியாது.

நெல்லை_ரேடியாலஜி:

மருத்துவப் பக்கத்திலிருந்து ஒன்று. கொழுப்புக்கும் கட்டிக்கும் 10 மடங்கு வரை வேறுபாடு உண்டு. ஆனால் சுரப்பித் திசுவுக்கும் கட்டிக்கும் சுமார் 10 சதவீதம்தான் என்று 2007இல் விஸ்கான்சின், கால்கரி குழுவினர் அறுவைசிகிச்சைத் திசுக்களை அளந்து காட்டினார்கள். மேமோகிராம் திணறுவதும் சுரப்பி அடர்ந்த மார்பில்தான். ஆகவே எண்ணெய் மட்டும் ஊற்றிய ஃபேன்டம் சுலபமான நிலைமை. பெர்மிட்டிவிட்டி 40–45 உள்ள ஜெல் துண்டு ஒன்றைக் கட்டிக்கு அருகில் வைத்து அளந்தால்தான் இந்த முறையின் நிஜமான நிலை தெரியும்.

கதிர்வீச்சு பயம் வேண்டாம், வி.என்.ஏ. வெளியிடுவது ஒரு மில்லிவாட் அளவுக்கு மேல் இல்லை. அதற்காகத் தோழிகளை வைத்துச் சோதிக்காதீர்கள். நெறிமுறைக் குழு அனுமதி வேண்டும். மருத்துவக் கருவிகள் விதிகள் 2017 இதற்குப் பொருந்தும். யாருக்காவது கட்டி தட்டுப்பட்டால் மருத்துவர் பரிசோதனை, மேமோகிராம் அல்லது அல்ட்ராசவுண்ட், தேவையானால் ஊசி பயாப்ஸி. அதற்கு ஐகிரவுண்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அனுப்புங்கள்.

பாளை_இசிஇ_மாணவி:

ரொம்ப நன்றி. கிண்ணத்தைச் சுத்துறாப்ல மாத்திட்டோம், நடுப்பொட்டு போயிருச்சு. இப்ப 3.3க்கும் 3.7 கிகாஹெர்ட்ஸுக்கும் நடுவுல அளவு முள்ளு முள்ளா நிக்குது, கோணத்துக்குக் கோணம் மாறுது.

பொருநை_ஆர்.எஃப்.:

அது 5ஜி. நம்ம நாட்டுல 3.3லருந்து 3.67 வரை ஓடுது. வைஃபை ரவுட்டரை அணைச்சா 2.4ம் 5ம் அடங்கும், டவரை அணைக்க முடியாது. ஜன்னல் பக்கத்துலருந்து மேசையை நகத்துங்க, சராசரி எண்ணிக்கையைக் கூட்டுங்க. அந்தப் புள்ளிகளை வெட்டி எறிஞ்சிராதீங்க. அலைவரிசையில ஓட்டை விழுந்தா, அதை நேரக் கணக்குக்கு மாத்தும்போது நிஜ எதிரொலிக்குப் பக்கத்துல பக்கமடல் (பொய்ச் சிகரம்) எழும்பும், அது ஒரு புதுப் பொய்ப்பொட்டு. ஒவ்வொரு கோணத்துலயும் அஞ்சு தடவை அளந்து, கெட்ட புள்ளிக்கு மட்டும் இடைநிலை மதிப்பை எடுங்க.