ரேஸ் நடுவர்கள் ஆள் பார்த்துத் தண்டனை கொடுக்கிறார்களா?

ஓசூர் பட்டறை:
ஞாயிற்றுக்கிழமை பட்டறை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு ஆறேழு பேர் சேர்ந்து ஃபார்முலா ஒன் பார்ப்பது எங்கள் பல வருடப் பழக்கம். டிவியை அணைத்த பிறகு பேச்சு எப்போதும் ஒரே இடத்தில் வந்து நிற்கும். ஒரே தப்புக்கு ஒருவருக்குத் தண்டனை, இன்னொருவருக்கு ஒன்றுமே இல்லை.

2019 ஜூன் 9, கனடா. முன்னால் போய்க்கொண்டிருந்த வெட்டல் புல்லில் இறங்கி, திரும்ப ட்ராக்குக்குள் வரும்போது ஹாமில்டனைச் சுவர் பக்கம் நெருக்கிவிட்டார் என்று 5 விநாடி பெனால்டி, அதாவது அவருடைய மொத்த நேரத்தோடு 5 விநாடி கூட்டினார்கள். கோட்டை முதலில் தாண்டியது வெட்டல், வெற்றி ஹாமில்டனுக்கு. மூன்றே வாரத்தில் ஆஸ்திரியா. ரேஸ் முடியப்போகும் நேரத்தில் வெர்ஸ்டாப்பன் உள்பக்கம் நுழைந்து லெக்லெர்க்கை உரசி வெளியே தள்ளி முந்தினார். மணிக்கணக்கில் விசாரித்துவிட்டு, தண்டனை இல்லை என்றார்கள். 2021 பிரேசிலில் இன்னும் மோசம். 48-வது சுற்று, நான்காவது வளைவு, வெர்ஸ்டாப்பன் தானும் வெளியே போய் ஹாமில்டனையும் வெளியே கொண்டுபோனார். விசாரணை கூட வைக்கவில்லை.

வெர்ஸ்டாப்பனுக்குச் சலுகை இருக்கிறது என்பது என் முடிவு. இல்லை என்பவர்கள் காரணம் சொல்லுங்கள்.

கொடிக்காரன்:
தம்பி, நான் இருங்காட்டுக்கோட்டை ரேஸ் ட்ராக்கில் பல வருடம் மார்ஷலாக, அதாவது ட்ராக் ஓரம் கொடி காட்டுபவனாக நின்றவன். ராயக்கோட்டையிலிருந்து விடியற்காலை பஸ் பிடித்துப் போய், வெயிலில் கொடியோடு நிற்பேன். ஒரு மோதல் கண் இமைப்பதற்குள் முடிந்துவிடும். நான் பார்த்தது ஒன்று, அடுத்த போஸ்டில் நின்றவர் பார்த்தது வேறொன்றாக இருக்கும். இருவருமே பொய் சொல்ல மாட்டோம்.

கனடாவில் தீர்ப்பு சொன்னவர்களும் ஆஸ்திரியாவில் சொன்னவர்களும் வேறு வேறு ஆட்கள். ஸ்டீவர்ட் என்கிற நடுவர் குழு ரேஸுக்கு ரேஸ் மாறும். பெரும்பாலோர் சம்பளம் வாங்காமல் வருகிறவர்கள். 2010 முதல் குழுவில் ஒரு முன்னாள் ஓட்டுநரும் உட்காருகிறார், அவரும் மாறிக்கொண்டே இருப்பார். ஆள் மாறினால் தீர்ப்பு மாறும். அதைச் சலுகை என்று சொல்லாதே.

உன் கணக்கிலேயே கேட்கிறேன். 2021 சில்வர்ஸ்டோனில் ஹாமில்டன் தட்டியதில் வெர்ஸ்டாப்பன் 51 ஜி (புவியீர்ப்பைப் போல 51 மடங்கு) தாக்கத்தோடு தடுப்பில் போய் மோதி மருத்துவமனைக்குப் போனார். ஹாமில்டனுக்குக் கிடைத்தது 10 விநாடி, அதையும் தாண்டி அவரே ஜெயித்தார். அப்போது சலுகை யாருக்கு? 2024 மெக்ஸிகோவில் வெர்ஸ்டாப்பனுக்கு இரண்டு முறை 10, மொத்தம் 20 விநாடி. அணிகளுக்கான செலவு வரம்பை மீறியதற்கு அவருடைய அணியான ரெட் புல்லுக்கு 70 லட்சம் டாலர் அபராதம், வண்டி வடிவத்தைச் சோதிக்கும் காற்றுச் சுரங்கச் சோதனையில் 10 சதவீத வெட்டு. வேண்டியவர்களுக்கு இப்படிச் செய்வார்களா?

ஊத்தங்கரை டீச்சர்:
கொடிக்காரன் அண்ணா சொன்ன "ஆள் மாறினால் தீர்ப்பு மாறும்" என்பதை என்னால் அப்படியே ஏற்க முடியவில்லை. நான் வருடா வருடம் பத்தாம் வகுப்பு விடைத்தாள் திருத்தும் முகாமுக்குப் போகிறேன். அங்கேயும் சம்பளம் பெரிதில்லை, ஆட்களும் மாறுகிறார்கள். ஆனால் எல்லோர் கையிலும் ஒரே விடைக்குறிப்பு இருக்கும். நான் போட்ட மதிப்பெண்ணை கூர்ந்தாய்வு அலுவலர் பார்ப்பார், முதன்மைத் தேர்வாளர் பார்ப்பார். இரண்டு மதிப்பெண் கேள்விக்கு நான் ஒன்று போட்டு, பக்கத்து மேசையில் இரண்டு போட்டால் அன்றைக்கே கூப்பிட்டுக் கேட்பார்கள்.

அதைவிட முக்கியம், தாளில் பெயர் இருக்காது. டம்மி நம்பர்தான். எழுதியது கலெக்டர் பிள்ளையா, கூலிக்காரர் பிள்ளையா என்று எனக்குத் தெரியாது. ரேஸில் ஹெல்மெட் நிறமும் வண்டி எண்ணும் நடுவர் கண் முன்னாலேயே இருக்கின்றன. "இவர் எப்போதும் இப்படித்தான் ஓட்டுவார்" என்ற எண்ணம் உள்ளே வராமல் இருக்குமா? அந்த எண்ணம் ஒருவருக்கு லாபமாகவும் இன்னொருவருக்கு நஷ்டமாகவும் போகும். நான் குறை சொல்வது ஆட்களை இல்லை, முறையை.

பாலக்கோட்டான்:
டீச்சர் சொல்வது சரி. என் மாமா கிருஷ்ணகிரி பக்கம் எருது விடும் விழாக்களுக்குக் காளை கொண்டு போவார். குறிப்பிட்ட தூரத்தை எந்தக் காளை குறைந்த நேரத்தில் ஓடுகிறதோ அதற்குப் பரிசு. ஒரு ஊரில் பெரிய கை ஒருவரின் காளை பாதி வழியில் நின்றுவிட்டது. கூட்டம் குறுக்கே வந்துவிட்டது என்று மறுபடி விட்டார்கள். அரை மணி நேரத்தில் மாமா காளைக்கும் அதே கதை. மறுவாய்ப்பு இல்லை. ஏன் என்று கேட்டதற்கு யாரும் பதிலே சொல்லவில்லை. தோற்றது அவருக்குப் பெரிதாகத் தெரியவில்லை. பதில் சொல்லாததுதான் இன்றைக்கும் வலிக்கிறது.

அப்புறம், அபுதாபி 2021-ஐ இன்னும் யாரும் எடுக்கவில்லையே? பட்டத்தை முடிவு செய்யும் கடைசி ரேஸ், ஹாமில்டனும் வெர்ஸ்டாப்பனும் தலா 369.5 புள்ளி. 58 சுற்று ரேஸில் 53-வது சுற்றில் லத்தீஃபி சுவரில் மோதினார், எல்லோரையும் மெதுவாகத் தன் பின்னால் வரவைக்கும் சேஃப்டி கார் வந்தது. இரண்டாவதாக இருந்த வெர்ஸ்டாப்பன் வேகம் தரும் புது சாஃப்ட் டயர் போட்டார். முன்னால் இருந்த ஹாமில்டன் 40 சுற்றுக்கு மேல் ஓடித் தேய்ந்த ஹார்ட் டயரில் இருந்தார். ஒரு சுற்று பின்தங்கிய எட்டு வண்டிகளில் இருவருக்கும் நடுவில் இருந்த ஐந்தை மட்டும், ரேஸை நடத்தும் பொறுப்பில் இருந்த ரேஸ் டைரக்டர் மாஸி முன்னால் அனுப்பினார். அதன் பிறகு இன்னொரு சுற்று முடிந்துதான் சேஃப்டி கார் உள்ளே வர வேண்டும் என்பது விதி. அதே சுற்றில் உள்ளே கூப்பிட்டார். கடைசிச் சுற்றில் வெர்ஸ்டாப்பன் முந்தினார், பட்டம் கை மாறியது. இதற்கு என்ன சொல்வீர்கள்?

கொடிக்காரன்:
அபுதாபியை நான் நியாயப்படுத்த மாட்டேன். அது தவறு. ரேஸை நிர்வகிக்கும் சர்வதேசச் சம்மேளனமே (FIA) 2022 மார்ச்சில் மனிதத் தவறு என்று அறிக்கை வெளியிட்டது. விதியில் "ஏதேனும் வண்டிகள்" என்று இருந்ததை "எல்லா வண்டிகளும்" என்று மாற்றினார்கள். மாஸி அந்தப் பொறுப்பில் தொடரவில்லை.

ஆனால் அது வெர்ஸ்டாப்பனுக்காகச் செய்ததா? ரேஸ் சேஃப்டி காருக்குப் பின்னால் ஊர்ந்து முடியக்கூடாது, பச்சைக் கொடியில் முடிவதே நல்லது என்று அணிகள் எல்லாமே முன்பே ஒத்துக்கொண்டிருந்தன. அன்று ரேடியோவில் இரண்டு அணித் தலைவர்களும் மாஸியின் காதில் கத்திக்கொண்டிருந்தார்கள். ஒரு வளைவில் கொடி பிடிக்கிற எனக்கே ஒருவர் கத்தினால் கை தடுமாறும்.

ஊத்தங்கரை டீச்சர்:
எல்லோரும் ஹாமில்டனைப் பற்றியே பேசுகிறீர்கள். மூன்றாவதாக நின்ற சைன்ஸை யோசியுங்கள். அவருக்கு முன்னால் இருந்த பின்தங்கிய வண்டிகளை நகர்த்தவே இல்லை. முதல் இருவருக்கும் வழி சுத்தமானது, அவருக்கு அடைபட்டது. ஒரு ஆளுக்குச் சலுகை என்று சொல்ல எனக்குத் தயக்கம். பட்டத்துக்கான சண்டைக்குச் சலுகை கொடுத்தார்கள் என்றால் ஒத்துக்கொள்வேன். அதுவும் பாரபட்சம்தானே அண்ணா?

கொடிக்காரன்:
அதை நான் யோசித்ததில்லை டீச்சர். அது பாரபட்சம்தான்.

ஒன்று சொல்ல வேண்டும். நீங்கள் கேட்கிற விடைக்குறிப்பு இப்போது இருக்கிறது. ஓட்டும் முறைக்கான வழிகாட்டுதலையும் எந்தத் தப்புக்கு எவ்வளவு தண்டனை என்ற பட்டியலையும் 2025-இல் பொதுவில் வெளியிட்டுவிட்டார்கள். உள்பக்கம் முந்துகிறவரின் முன் சக்கர அச்சு, வளைவின் உச்சிக்கு (வண்டி உள் ஓரத்தை ஒட்டிப் போகும் இடம்) முன்பும் உச்சியிலும் மற்றவரின் கண்ணாடிக்கு இணையாகவாவது இருக்க வேண்டும் என்கிற அளவுக்கு எழுதியிருக்கிறார்கள்.

ஓசூர் பட்டறை:
அந்த உச்சிக் கணக்கே ஒரு ஓட்டைதான் அண்ணா. பிரேக்கைத் தாமதமாகப் பிடித்து உச்சிக்கு முதலில் போய்விட்டால் வளைவு அவருடையது. அப்புறம் வண்டி ட்ராக்கில் நிற்காவிட்டாலும் பரவாயில்லை என்று ஆகிறது. 2024-இல் அமெரிக்காவின் ஆஸ்டினில் இதுதான் நடந்தது. தடுத்த வெர்ஸ்டாப்பனும் வெளியே, முந்திய நாரிஸும் வெளியே. 5 விநாடி நாரிஸுக்கு மட்டும், மூன்றாவது இடம் நான்காவதாகப் போனது. ஏழே நாளில் மெக்ஸிகோ. அதே மாதிரித் தடுத்ததற்கு நீங்கள் சொன்ன 20 விநாடி. என் கண்ணுக்கு இரண்டும் ஒரே ஓட்டம். முதல் வாரம் சரியென்றால் இரண்டாவது வாரம் அநியாயம். சலுகை என்ற சொல்லைக் கொஞ்சம் தளர்த்திக்கொள்கிறேன், ஏனென்றால் மெக்ஸிகோவில் அடி வாங்கியது வெர்ஸ்டாப்பன்தான்.

ஆனால் பிரேசில் 2021-ஐ விடமாட்டேன். முடிவெடுக்கும்போது வெர்ஸ்டாப்பன் வண்டியின் முன்பக்கக் கேமரா படம் நடுவர்களிடம் இல்லை. பிறகு அது வந்ததும் ஹாமில்டனின் அப்போதைய அணி மெர்சிடீஸ் மறு ஆய்வு கேட்டது. படம் புதியது என்று ஒத்துக்கொண்டார்கள், தொடர்புடையது என்றும் ஒத்துக்கொண்டார்கள். முடிவை மாற்றும் அளவுக்கு முக்கியமானது இல்லை என்று மனுவைத் தள்ளிவிட்டார்கள். ஸ்டியரிங் எவ்வளவு திரும்பியது என்று காட்டுகிற படம் முக்கியமில்லை என்றால் எது முக்கியம்?

கொடிக்காரன்:
இதற்கு என்னிடம் பதில் இல்லை தம்பி. அந்தப் படத்தை நானும் பார்த்தேன். நான் அந்த போஸ்டில் நின்றிருந்தால் விசாரணைக்கு எழுதிக் கொடுத்திருப்பேன்.