கொடுங்கையூர் குப்பைக்குப் பிளாஸ்மா உலை சரிவருமா?

கொடுங்கையூர்வாசி:
எங்கள் தெருவிலிருந்து குப்பைக் கிடங்கு நடக்கும் தொலைவுதான். கோடையில் அங்கே தீப்பற்றினால், கதவைச் சாத்தி வைத்தாலும் பிளாஸ்டிக் கருகிய நெடி மாடியில் காயும் துணி வரை ஏறிவிடுகிறது. எரியுலை என்றாலே தெருவில் அச்சம். பிளாஸ்மா உலை என்றால் புகையே வராது, மின்சாரமும் கிடைக்கும் என்று ஒரு கூட்டத்தில் சொன்னார்கள். உண்மையா?

மின்வில்:
பாதி உண்மை, ஐயா. இரு மின்முனைகளுக்கிடையே மின்வில்லை, அதாவது தொடர் மின்பொறியை, எழுப்பி அதனூடே வாயுவைச் செலுத்தினால், அது அயனியாகி, பிளாஸ்மா என்ற மின்னேற்ற வாயுவாக 5,000 டிகிரி செல்சியசையும் தாண்டும். ஆக்சிஜன் போதாத அந்த உலையில் குப்பை முழுதாக எரியாமல், மூலக்கூறுகள் சிதைந்து கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜனும் கலந்த எரிவாயுவாகிறது. மண்ணும் கண்ணாடியும் உருகிக் கருங்கசடாக இறுகுகின்றன. ஆனால் பிவிசி குழாயிலும் ரெக்சினிலும் உள்ள குளோரின் எங்கும் மறைந்துவிடாது. வாயு ஏறத்தாழ 450 டிகிரியிலிருந்து 250 டிகிரிக்கு மெல்ல ஆறினால் குளோரின் கலந்த நச்சான டையாக்சின் மீண்டும் உருவாகக்கூடும் என்பதால், அதைச் சட்டென்று குளிரவைத்துக் காரக் கரைசலில் கழுவ வேண்டும். கூட்டத்தில் உலையை விட்டுவிட்டு அந்தக் கழுவும் பகுதியைப் பற்றிக் கேளுங்கள்.

மணலி பாய்லர்:
எனக்கு ஈரம்தான் உறுத்துகிறது. வாழையிலை, பழைய சோறு, மீன் செதில் எல்லாம் ஒரே வண்டியில் ஏறும் நம் குப்பையில் பாதி நீர் என்று வைத்துக்கொண்டால், ஒரு டன்னில் உள்ள 500 கிலோ நீரை ஆவியாக்க மட்டும் சுமார் 350 யூனிட்டுக்குச் சமமான வெப்பம் போய்விடும். மின்வில்லை எழுப்பும் டார்ச் குடிக்கும் மின்சாரம் அது போகத் தனி. இங்கிலாந்தின் டீஸ் பள்ளத்தாக்கில் ஏர் புராடக்ட்ஸ் நிறுவனம் இரண்டு பெரிய பிளாஸ்மா ஆலைகளைக் கட்டத் தொடங்கி 2016இல் கைவிட்டது. காந்திநகரில் உள்ள பிளாஸ்மா ஆராய்ச்சி நிறுவனம் மருத்துவக் கழிவுக்கென உருவாக்கிய சிறிய உலைதான் இந்த நுட்பத்துக்குச் சரியான இடமாக எனக்குப் படுகிறது.

கொடுங்கையூர்வாசி:
நன்றி. கழுவும் பகுதி, ஈரம் இரண்டையும் எழுதியே கேட்கிறேன். பிளாஸ்டிக்கை மட்டும் தனியே பிரித்துப் போட்டால்?

மணலி பாய்லர்:
ஈரச் சிக்கல் பெரிதும் தீரும். பிவிசியைப் பொறுக்கி எடுத்தாலொழியக் குளோரின் தீராது. தவிர, பிரித்த நல்ல பிளாஸ்டிக்கைக் காயலான் கடையே எடைக்கு எடுத்துக்கொள்ளும். உலைக்கு மிஞ்சுவது சிப்ஸ் உறைகள்தாம்.