மைக்கைப் பிடிக்கும் முன்னால்

காரைக்குடியிலிருந்து:

நண்பனின் அப்பாவுக்கு அறுபதாம் கல்யாணம். மாலையில் வளவில், அதாவது வீட்டின் உள்முற்றத்தில், நடந்த வாழ்த்தரங்கத்தை நான்தான் தொகுத்து வழங்கினேன். கல்லூரி மேடைகளில் பேசிப் பழகியவன். கவிதை, அடைமொழி எல்லாம் கைவசம் இருந்தன. பெயர்களை மட்டும் வாட்ஸ்அப்பில் வாங்கிக்கொண்டு நேரே மைக்கைப் பிடித்துவிட்டேன்.

'சித.ராம.' என்றிருந்த பெரியவரை 'ராம.சித.' என்று அழைத்தேன். அவர் எழவில்லை. பின்வரிசையில் வேறொருவர் பாதி எழுந்து, குழம்பிப்போய் மறுபடி உட்கார்ந்தார். இங்கே அந்த எழுத்துகளுக்கு விலாசம் என்று பெயர். முன்னோர் பெயர்கள் வரிசை மாறாமல் அதில் நிற்கும். மாற்றிச் சொன்னால் அது இன்னொரு வீடு. நான் கூப்பிட்டது அந்த இன்னொரு வீட்டை.

இறங்கியதும் பெரியவரிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். "என்னைய என்ன வேணாலும் சொல்லுப்பா. எங்க அப்பச்சி பேரை மாத்தலாமா?" என்றார். அப்பச்சி என்றால் இங்கே அப்பா. கோபமே இல்லை, கண் கலங்கியிருந்தது. அது இன்றைக்கும் எனக்குள் இருக்கிறது.

அப்புறம் எந்த விழாவாக இருந்தாலும் ஒரு மணி நேரம் முன்னதாகவே போய்விடுகிறேன். பேசப்போகிற ஒவ்வொருவரிடமும், "உங்களை எப்படிச் சொல்லி அழைக்கட்டும் ஐயா?" என்று கேட்டு, அவர் முன்னாலேயே ஒருமுறை சொல்லிக் காட்டி, அட்டையில் பெரிதாக எழுதிக்கொள்கிறேன். பட்டம், பதவியைவிட இதைத்தான் முதலில் சரிபார்க்கிறேன். மைக் செட்டுக்காரரிடமும் நின்று பேசிப் பார்ப்பது உண்டு. வழவழப்பான சுவரும் கல்தளமும் உள்ள வளவில் குரல் திரும்பி அடிக்கும், நிறுத்தி நிதானமாகத்தான் பேச வேண்டும்.

தேவகோட்டையிலிருந்து:

அண்ணன் சொன்னது ரொம்பச் சரி. எனக்குப் பாடம் கற்றுக்கொடுத்தது நேரம்.

சா. கணேசன் 1939-இல் தொடங்கிய காரைக்குடி கம்பன் கழகத்தின் விழாவுக்குச் சின்ன வயதில் அப்பச்சி கூட்டிப்போவார்கள். அழைப்பிதழில் போட்ட மணிக்கு விழா தொடங்கிவிடும். எல்லா விழாவும் அப்படித்தான் என்று நினைத்து வளர்ந்தேன்.

முதன்முதலாக ஒரு பள்ளி ஆண்டுவிழாவைத் தொகுத்தபோது, சிறப்பு விருந்தினர் முக்கால் மணி நேரம் பேசினார். இரண்டு முறை துண்டுச்சீட்டு கொடுத்தேன். மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். திரைக்குப் பின்னால் போய்ப் பார்த்தால், சலங்கை கட்டிய பிள்ளைகள் சுவரில் சாய்ந்து தூங்குகிறார்கள். ஒரு குழந்தையின் கண்மை கன்னம் வரை வழிந்திருந்தது.

இப்போது துண்டுச்சீட்டை நம்புவதில்லை. பேசுபவர் மேடையேறும் முன்பே, "ஐயா, உங்களுக்குப் பத்து நிமிஷம். எட்டாவது நிமிஷம் நான் எழுந்து நிற்பேன், தப்பா நினைக்காதீங்க" என்று கைகூப்பிச் சொல்லிவிடுகிறேன். போன தையில் ஒரு பெரியவர் பேச்சின் நடுவே என்னைப் பார்த்துவிட்டு, "ஆச்சி எந்திருச்சுட்டாக, முடிச்சுக்கிறேன்" என்று சொல்லி, இரண்டே வரியில் வாழ்த்திவிட்டு இறங்கினார்.