சூரிய ஒளியைக் குறைத்துப் பூமியைக் குளிர வைக்கலாமா?

கேள்வி:
பள்ளியில் அறிவியல் எடுக்கிறேன். போன வாரம் பூமியின் சராசரி வெப்பநிலையை ஆண்டுவாரியாகக் கரும்பலகையில் வரைந்துகொண்டிருந்தேன். 1992-க்கு வந்ததும் கோடு கீழே சரிந்தது. ஏன் என்று ஒரு மாணவி கேட்டாள். 1991 ஜூனில் பிலிப்பைன்ஸின் பினடூபோ எரிமலை வெடித்ததையும், அது கக்கிய கந்தக வாயுவால் பூமி ஏறக்குறைய அரை டிகிரி குளிர்ந்ததையும் சொன்னேன். "அப்போ அதை நாமே செய்யலாமே மிஸ்?" என்றாள். எனக்குப் பதில் வரவில்லை. செய்யலாமா?

பதில் 1:
காற்றிலிருந்து கரியமில வாயுவை உறிஞ்சி எடுப்பதுதான் நேர்மையான வழி. ஐஸ்லாந்தில் 2021 முதல் ஓர்கா ஆலை இயங்குகிறதே.

பதில் 2:
வழி நல்லதுதான், அளவுதான் இடிக்கிறது. ஓர்காவின் திறன் ஆண்டுக்கு 4,000 டன். அவ்வளவையும் உலகம் மூன்று நான்கு வினாடிகளிலேயே வெளியே விட்டுவிடுகிறது.

ஆசிரியையின் கேள்விக்கு வருகிறேன். கந்தக வாயு மழை மேகங்களுக்கும் மேலே போய் அமிலத் துளிகளாக மாறும். கண்ணுக்கே தெரியாத துளிகள். அந்த உயரத்தில் அவற்றைக் கழுவி இறக்க மழை கிடையாது. அதனால் ஓரிரு ஆண்டுகள் மிதந்து வெயிலைத் திருப்பி அனுப்பும். அப்புறம் இறங்கிவிடும். ஆகவே தூவிக்கொண்டே இருக்க வேண்டும். கரியமில வாயுவோ நூற்றாண்டுக் கணக்கில் தங்கும். போரோ ஆட்சி மாற்றமோ வந்து நடுவில் நிறுத்தினால், அதுவரை மறைந்திருந்த வெப்பம் சில ஆண்டுகளிலேயே மொத்தமாக ஏறும். பயிரும் காடும் அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்காது. எனக்குத் தொடங்குவதைவிட நிறுத்துவதை நினைத்துத்தான் பயம். மழை எங்கே குறையும் என்பதும் பெரிய கேள்வி. ஓசோன் படலமும் அடிவாங்கும். பினடூபோவுக்குப் பிறகு அப்படித்தான் மெலிந்தது. கரியமில வாயு கரைந்து கடல் அமிலமாவதும் நிற்காது.

ஆனால் ஆராய்ச்சியையே தடுப்பதை நான் ஏற்கவில்லை. ஸ்வீடனில் கிருனா அருகே 2021-ல் ஹார்வர்டு குழு ஒரு பலூனைப் பறக்கவிட்டு இந்த ஆராய்ச்சிக்கான கருவிகளைச் சரிபார்க்க நினைத்தது. எதையும் தூவும் திட்டம்கூட அப்போது இல்லை. அந்தப் பகுதியில் வாழும் சாமி (Sámi) என்ற பழங்குடியினர் எதிர்த்தார்கள், நின்றது. தங்களைக் கேட்கவே இல்லை என்ற அவர்கள் கோபம் நியாயமானது. முதலில் அவர்களிடம் பேசியிருக்க வேண்டும்.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. கடல் விஷயம் எனக்குத் தோன்றவே இல்லை. நாளைக்கு அதே கோட்டை 1992-க்கு அப்பாலும் இழுத்து, அது மறுபடி ஏறுவதைக் காட்டப்போகிறேன். அந்தப் பெண்ணையே சாக்பீஸைப் பிடிக்கச் சொல்கிறேன்.